மூடுபனியும் படலையடி மானும்

பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ 1980இல் வெளிவந்தது. கொலைகாரன் யார் என்பதைக் கடைசிவரை ஒளித்துவைத்துக் கண்ணாமூச்சி காட்டாமல், அவனுடைய மனம் எப்படிக் கோணலாயிற்று என்பதையே கதையாக்கியதால்தான் அது இன்றைக்கும் பயமுறுத்துகிறது என்பது என் துணிபு. தாயைத் தகப்பன் படுத்திய பாட்டைப் பார்த்து வளர்ந்த சந்துருவாக வரும் பிரதாப் போத்தன், பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் போல அமைதியாக இருந்தே கிலியூட்டுகிறார். இளையராஜாவுக்கு இது நூறாவது படம். ஆனாலும் வாத்தியங்கள் ஓய்ந்துபோகும் இடங்களில்தான் எனக்கு வியர்த்தது.

அப்படி ஓய்ந்த ஓரிடத்தில், திருகோணமலைக் கோட்டைக்குக் கிட்டவுள்ள எங்கள் வீட்டில், தகரப் படலையை எதுவோ உரசியது. சுளகில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்த அம்மம்மாவின் விரல்கள் ஒரு காம்பைப் பாதி உருவியபடி நின்றன. தான் பயப்படவில்லை என்று காட்டுவதற்காகவோ என்னவோ, தம்பி தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினான். தும்புத்தடியோடு போய் விளக்கைப் போட்டால், பிரெட்ரிக் கோட்டைப் புள்ளிமான் ஒன்று, குப்பை வண்டிக்கென்று கட்டிவைத்த பையைக் கிழித்துப் பப்பாசித் தோலை மென்றபடி, இடையூறு செய்தவன் நானே என்பதுபோல் என்னைப் பார்த்தது. ஊருக்குள் உலாவும் இந்த மான்களை ரசித்துப் படம்பிடிக்கும் சுற்றுலாப் பயணிகள் இரவில் திகில் படம் பார்ப்பதில்லை போலும்.

திரும்பி வந்தபோது கதை ஊட்டிக்குப் போயிருந்தது. திருமணம் நிச்சயமான ரேகாவைக் கடத்திவந்து வைத்திருக்கும் வீட்டில், சந்துரு கிற்றாரோடு ‘என் இனிய பொன் நிலாவே’ பாடுகிறான். கடத்தியவன் யேசுதாசின் குரலில் இவ்வளவு இனிமையாகப் பாடுவதுதான் படத்தின் ஆகப் பெரிய பயங்கரம் என்று நான் எண்ணிக்கொண்டிருக்க, அம்மம்மாவின் தீர்ப்பு வேறாக இருந்தது.

“பாவம் பெடியன், என்ன வடிவாய்ப் பாடுறான். காலாகாலத்தில ஒரு கலியாணத்தைக் கட்டிவைச்சிருந்தால் திருந்தியிருப்பான்.”

அவன் செய்த கொலைகளை நினைவூட்டினேன்.

“அது முந்தி” என்றார்.

படத்தை எடுத்தவர் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர் என்று சொல்லி அவரை அசத்தப் பார்த்தேன். “எங்கட பக்கத்து ஆளோ? அப்ப ஏன் ராசா, நிலாவெளியில எடுக்காமல் ஊட்டிக்குப் போனவர்?” என்று கேட்டார். நிலாவெளியில் மூடுபனிக்கு எங்கே போவது என்றேன்.

“பனி என்னத்துக்கு? வெய்யிலுக்கையும் பாடலாம்தானே” என்றவர், படம் முடிந்து படுக்கப் போகும்போது, படலையை இன்னொருக்கால் பார்த்துப் பூட்டிவிட்டு வரச் சொன்னார். மானுக்காகத்தான் என்றும் சொன்னார்.