தேரிக்காட்டுக் கோயில்களில் அறுப்பின் பண்டிகை

விளைச்சலுக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு, பொருத்தனை (நேர்ந்துகொண்ட காணிக்கை) செலுத்த தூத்துக்குடி மாவட்டத்துச் செம்மணல் தேரிப் பக்கத்து ஊருக்கு வருகிறவர்கள் நாசரேத்தில் ரயிலிறங்கி மெஞ்ஞானபுரம் பஸ்ஸைப் பிடிப்பார்கள். மிஷனரி ஜான் தாமஸ் ஐயர் காலத்துப் பரிசுத்த பவுலின் ஆலயக் கோபுரம், 192 அடி, பனைகளுக்கு மேலே தலைகாட்டும்போதே வாய் தானாக ஸ்தோத்திரம் சொல்லிவிடும். சுற்றியுள்ள சிற்றூர்க் கோயில்களில் பண்டிகைத் தேதி ஊருக்கு ஊர் மாறும். சேகரத்தில், அதாவது பல ஊர்க் கோயில்களைச் சேர்த்து நடத்தும் சபை வட்டாரத்தில், கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். அன்றைக்கு பஸ்ஸில் நிற்க இடமிருக்காது. கோயில் வாசலிலோ பலூன்காரரும் ஐஸ்காரரும் வழியை அடைத்து நிற்பார்கள், ஆராதனை நேரத்திலும் அந்த பீப்பிச் சத்தம் ஓயாது.

காணிக்கைகளைப் பீடத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைக்கும் நேரம் இருக்கிறதே, அதற்காகவே வரலாம். வாழைத்தார், தேங்காய், முருங்கைக்காய், ஓலைப்பெட்டியில் கருப்பட்டி, காலைக் கட்டிய சேவல். கூடவே கைப்பிடி அரிசி. தினம் உலை வைக்குமுன் ஒரு பிடி எடுத்துப் பானையில் போட்டால் மாதத்துக்கு ஒரு கிலோவுக்குக் குறையாது. வீட்டில் அரிசி தட்டிய நாளிலும் அந்தப் பிடியை நிறுத்தாத கைகள்! “கண்ணீரோடே விதைக்கிறவர்கள் கெம்பீரத்தோடே அறுப்பார்கள்” என்று வாசிக்கும்போது முந்தானைகள் கண்ணுக்குப் போகும். ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம்.

அந்த அரிசியை அசன உலையில், அதாவது கோயிலில் எல்லாருக்கும் போடும் விருந்துக்கான உலையில், போடக்கூடாது. புழுங்கல், பச்சை, ரேஷன் எல்லாம் கலந்திருப்பதால் பாதி குழையும், பாதி வேகாது. தனியே ஏலம் விடுவதே சரி. அசனத்துக்கு நூறு பேருக்கு 15 கிலோ அரிசி, 12 கிலோ ஆட்டுக்கறி. முக்கால் வேக்காட்டில் வடித்து ஓலைப்பாயில் பரப்பிவிட வேண்டும். அண்டாவிலேயே விட்டால் மேல் சோற்றின் பாரத்திலும் சூட்டிலும் அடிச்சோறு களியாகிவிடும்.

ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஏலம். சேவலை முதலில் விட்டுவிடுங்கள், வெயிலில் கிடந்தால் துவண்டுபோகும். முதல் காய்ப்புத் தேங்காய்க்குக் கடை விலையை யாரும் பார்ப்பதில்லை. மும்பையிலிருந்து வந்த மச்சானும் துபாயிலிருந்து வந்த மைத்துனரும் மாறி மாறி ஏற்றுவார்கள்; வீட்டில் முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட அங்கே சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுக்காமல் நிற்பார்கள். எடுத்தவர் திரும்பவும் கோயிலுக்கே கொடுக்க, அதே தேங்காய் மறுபடி ஏலத்துக்கு வரும். சிக்கல் வசூலில்தான். மூன்றாம் தரம் சொன்ன கையோடு பெயரையும் தொகையையும் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்காவிட்டால், பாக்கி அடுத்த பண்டிகை வரை இழுக்கும்.

பந்தி முடிவதற்குள் தூக்குவாளிகள் வரிசைக்கு வந்துவிடும். படுத்த படுக்கையாய்க் கிடக்கிறவர்கள் வீட்டுக்கு முதல் வாளி. கறி அடியில், சோறு மேலே. சேவலைப் பெரும்பாலும் கொண்டுவந்த வீட்டு மகனே ஏலம் எடுத்திருப்பான். கட்டை அவிழ்த்துவிட்டால் பழைய கூட்டுக்கே போய்விடும்.