இலையில் தெரியும் இரட்டைத் துளைகள்

தென்மேற்கு இங்கிலாந்தின் டெவனில் களிமண்ணின் மேல் மழைநீர் வடியாமல் நிற்கும் கல்ம் புல்வெளிகளில், மே மாத நடுவிலிருந்து ஜூன் வரை, பெரிய தேனீயைப் போன்ற ஓர் அந்துப்பூச்சி பட்டப்பகலில் பறக்கிறது. பிரிட்டனில் நேரோ-பார்டர்டு பீ ஹாக்-மாத் என்று வழங்கும் இந்த ஹெமாரிஸ் டிட்டியஸ், 20ஆம் நூற்றாண்டில் அந்நாட்டின் பல பகுதிகளிலிருந்து மறைந்துவிட்டது. தென்மேற்கு இங்கிலாந்து, வேல்ஸ், மேற்கு ஸ்காட்லாந்து ஆகியவையே இன்று அதன் முக்கியப் புகலிடங்கள்.

ஈரப் புல்வெளிகளுக்கு வடிகால் வெட்டி உழுதும் உரமிட்டும் விட்டபோது, இதன் புழுக்கள் தின்று வளரும் டெவில்ஸ்-பிட் ஸ்கேபியஸ் என்னும் செடி அங்கே அருகிப்போனது. ஆடுகள் ஒட்ட மேய்ந்தாலும் அச்செடி தாங்காது. மேய்ச்சலே இல்லாமல் புதர் மண்டினாலும் நிலைக்காது. மாடுகளை அளவோடு மேயவிடுவதே இதற்கு உகந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

அடையாளம் காண்பதில் முதலில் பார்க்க வேண்டியது பறக்கும் விதம். தேனீ பூவில் அமர்ந்து தேன் குடிக்கும். இதுவோ அந்தரத்தில் நின்றபடியே நீண்ட உறிஞ்சுகுழலைப் பூவுக்குள் செலுத்தும். இதன் நெருங்கிய உறவான ஹெமாரிஸ் ஃபியூசிஃபார்மிஸையும் பிரித்தறிய வேண்டும். அதற்குக் கண்ணாடி போன்ற சிறகின் ஓரத்தில் அகன்ற செம்பழுப்புப் பட்டையும், வயிற்றின் குறுக்கே செம்பழுப்பு வளையமும் இருக்கும். நம் பூச்சிக்குச் சிறகோரம் குறுகியது, வயிற்று வளையம் கறுப்பு. சிறகு கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் அடிப்பதால், கேமராவில் ஒளி விழும் நேரத்தை மிகக் குறைத்துப் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, ஓரம் தெளிவாக விழுந்த ஒன்றைத் தேர்ந்துகொள்வேன்.

ஆனாலும் வளர்ந்த பூச்சியைத் துரத்துவதைவிடப் புழுவைத் தேடுவதையே நான் நம்புகிறேன். அந்துப்பூச்சிப் பதிவுகளில் பெரும்பகுதி இரவு விளக்குப் பொறிகளிலிருந்து வருபவை. பகலில் பறக்கும் இதை அவற்றால் கணக்கிட முடியாது. வெயில் மறைந்தாலோ காற்று வீசினாலோ பறப்பதும் நின்றுவிடும். புழு விட்டுச்செல்லும் தடயமோ வானிலை பார்ப்பதில்லை. ஜூன் பிற்பகுதியிலும் ஜூலையிலும் ஸ்கேபியஸ் இலைகளைக் கவனித்தால், நடுநரம்பின் இருபுறமும் எதிரெதிராக அமைந்த சிறு துளைகள் தெரியும். அத்தகைய இலையை மெல்லத் திருப்பினால், நடுநரம்போடு ஒட்டியபடி பச்சைப் புழு இருக்கலாம். பார்த்தபின் இலையை இருந்தபடியே விட்டுவிட வேண்டும்.

இனம், நாள், வரைபடக் கட்டக் குறியீட்டுடன் இடம், பதிவுசெய்தவர் பெயர் ஆகிய நான்கும் அந்துப்பூச்சிப் பதிவுகளைத் திரட்டும் மாவட்டப் பதிவாளருக்கு அவசியம். அவற்றோடு கண்டது புழுவா, பூச்சியா, வெறும் துளைகளா என்பதையும், அந்த நிலத்தில் மேய்ச்சல் எப்படி நடக்கிறது என்பதையும் நான் சேர்த்து எழுதுகிறேன். தேடியும் கிடைக்காத நிலங்களையும் அதே பட்டியலில் தேதியிட்டுக் குறிக்கிறேன். ஸ்கேபியஸ் செழித்திருந்தும் துளைகள் இல்லாத புல்வெளிகளுக்கே மறு ஆண்டு முதலில் செல்ல வேண்டியிருக்கிறது.