பச்சைப் பேனையால் குறித்த பெயர்கள்

குருமண்வெளித் துறையில் பாதைக்கு, அதாவது வாவியைக் கடக்கிற மிதவைக்கு, காத்து நின்றபோது ஒரு மாமி கேட்டார், "நீ கட்சியில என்னதான் புள்ள செய்யிற? மேடையில ஏறுறதும் இல்ல, போட்டோ போடுறதும் இல்ல." பைக்குள் இருந்த வாக்காளர் இடாப்பை எடுத்து அவருடைய வீட்டுப் பக்கத்தைக் காட்டினேன். அவர் பெயர், இரண்டு மகன்மாரின் பெயர். மூத்தவனின் பெயருக்கு நேரே பச்சைப் புள்ளி.

"இதென்ன பச்சை?"

"தம்பி கட்டாரிலதானே மாமி."

அந்தப் பெயரை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாதை வந்து மோட்டார் சைக்கிள்கள் ஏறத் தொடங்கிய பிறகுதான் தாளைத் திருப்பித் தந்தார்.

நான் எந்தக் கட்சி என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். இங்கே அது வேண்டாம். எந்தக் கட்சிக்காரர் ஆனாலும் இந்த வேலை ஒன்றுதான், அதைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வேலைக்குப் போவது மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில், களுவாஞ்சிகுடியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடை. வீடு மேற்குக் கரையான படுவான்கரையில், போரதீவுப்பற்றில். 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்கு எங்கள் வட்டாரத்தில் ஒரு அக்கா நின்றார். பிரதேச சபைகளில் நூற்றுக்கு 25 பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்ற விதி 2018 தேர்தலில்தான் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. அந்த விதிக்காக அக்காவையும், வட்டாரம் இல்லாத கட்சிப் பட்டியலில் பேர் நிரப்பத்தான் முதலில் கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். "பட்டியலில போடாதீங்க. வட்டாரத்தைத் தாங்க, வீடு வீடாப் போய் நானே கேக்கிறன்" என்று கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார். அன்றைக்கே நான் அவரோடு சேர்ந்துவிட்டேன்.

அந்தக் கூட்டம் நடந்தது 2023 ஜனவரியில். முதலில் அந்த வருடம் மார்ச் 9-ஆம் திகதி நடக்க வேண்டிய தேர்தல் அது. வேட்புமனுவும் கொடுத்தாகிவிட்டது, நோட்டீசும் அடித்தாகிவிட்டது. அப்புறம் தேர்தலுக்குக் காசில்லை என்றார்கள். தேர்தல் தள்ளிப்போனது. மார்ச் 19-ஆம் திகதி நள்ளிரவோடு சபைகளின் காலமும் முடிந்து, நிர்வாகம் செயலாளர்களின் கைக்குப் போனது. தெருவிளக்கு எரியவில்லை என்று முறையிட இரண்டு வருடத்துக்கு மேல் எங்களுக்கு ஒரு உறுப்பினர் இல்லை. யானை வரும் ஊரில் தெருவிளக்கு இல்லாமல் இருப்பது என்னவென்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். 2025-இல் பழைய வேட்புமனுக்கள் எல்லாம் இரத்தாகி, திரும்பவும் முதலில் இருந்து. என் கட்டிலுக்குக் கீழே இருந்த நோட்டீஸ் பெட்டியில் ஒரு மூலையைக் கறையான் தின்றிருந்தது. மிச்சத்தின் வெள்ளைப் பக்கத்தில் வீட்டுக் கணக்கு எழுதினோம்.

வீட்டுக் கணக்கு என்றால் இதுதான். இடாப்பைப் போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டு, ஊரில் எல்லோரையும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது முன்வீட்டு அம்மம்மா. எழுத வாசிக்கத் தெரியாது. ஒரு பெயரைச் சொன்னால் அவருடைய தாய் வழி, தகப்பன் வழி, கலியாணம் முடித்த ஊர், பிள்ளைகள், யாரோடு கோபம் என்று வரிசையாக வரும். நான் வாசிக்க வாசிக்க அவர் சொல்லிக்கொண்டே போவார். வெளிநாட்டில் இருப்பவருக்குப் பச்சை. இறந்தவருக்குச் சிவப்பு. கலியாணம் முடித்து வெளியூர் போய், வாக்கு மட்டும் இங்கே இருப்பவருக்கு நீலம். மூன்று பின்னேரம் இருந்தோம். சிவப்புப் பேனையை எடுக்கும்போதெல்லாம் அம்மம்மா கொஞ்சம் பேசாமல் இருப்பார், நானும் காத்திருப்பேன்.

பச்சைதான் கூட. வெளிநாட்டில் இருக்கும் இலங்கையருக்கு அங்கிருந்தே வாக்களிக்க வழியில்லை. சவூதி, கட்டார், குவைத் என்று போன எங்கள் பிள்ளைகள் அனுப்புகிற காசில் ஊர் நடக்கிறது, ஊர்ச் சபைக்கு அவர்களின் வாக்கு இல்லை. எனக்கு இது பெரிய மனக்குறை.

வீடு வீடாகப் போனபோது எதிர்பார்க்காத ஒரு சிக்கல் வந்தது. எல்லோரும் அக்காவிடம் கேட்டது ஒரே கேள்வி: "உங்கட நம்பர் என்ன?" 2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு ஒரு புள்ளடி (X), அப்புறம் விரும்பின வேட்பாளர் மூன்று பேர் வரைக்கும் அவர்களின் இலக்கத்துக்கு என்று போட்டுப் பழகியவர்கள். பிரதேச சபைக்கு விருப்பு வாக்கு கிடையாது. வாக்குச்சீட்டில் அக்காவின் பெயரே இராது. கட்சியின் பெயரும் சின்னமும் மட்டும். ஒரே ஒரு புள்ளடி. இதைச் சொன்னால் சனம் நம்பவில்லை. "பேர் இல்லாட்டி உனக்குத்தான் போட்டன் எண்டு எப்பிடித் தெரியும்?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். கொப்பித் தாளில் கோடு போட்டு, ஒரு சீட்டு மாதிரி கீறி, ஒவ்வொரு வீட்டிலும் காட்டினோம். புள்ளடியை எங்கே போடுவது என்று தன் கையாலேயே போட்டுப் பார்த்த பிறகுதான் பெரியம்மா எங்களுக்குப் பிளேன்டீ ஊற்றினார்.

சிறுபோக விதைப்பு நேரம். பகலில் வீடுகளில் ஆட்கள் இல்லை, பொழுது பட்டால் யானைப் பயம். பின்னேரம் நாலரைக்கும் ஆறுக்கும் இடையில் எத்தனை வீடு முடியுமோ அத்தனை வீடு. செலவுக் கணக்கும் என் பொறுப்புதான். 2023-இல் வந்த தேர்தல் செலவுச் சட்டத்தின்படி முடிவு வெளியாகி 21 நாளுக்குள் வேட்பாளர் கணக்குக் கொடுக்க வேண்டும். பெற்றோல் துண்டு, தேத்தண்ணிக் கடைத் துண்டு எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு வைத்தேன்.

ஒரு நாள் வயல் கரையில் ஒரு பெரியப்பாவைக் கண்டோம். வாடியில், வயல் குடிசையில், காவல் இருப்பவர். அக்கா கும்பிட்டுவிட்டு நோட்டீசை நீட்டினார். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். "நான் கட்டாயம் வருவன் மகள்." இடாப்பைப் புரட்டினேன். அவருடைய மகளின் பெயர் இருந்தது, மருமகனின் பெயர் இருந்தது. அவர் பெயர் இல்லை. திரும்பவும் முதல் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இல்லை. மனைவி செத்த பிறகு பழைய ஊரை விட்டு மகளோடு வந்து சேர்ந்தவர். அங்கே ஆள் இல்லை என்று பெயரை வெட்டியிருக்கிறார்கள். இங்கே யாரும் சேர்க்கவில்லை. அவர் வாடியில் இருக்கிறார், இடாப்பில் பெயர் பதியும் படிவம் வீட்டுக்கு வருகிறது, மருமகன் வீட்டில் இருந்தவர்களை எழுதிக் கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான்.

ஏப்ரல் மாதத்தில் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. அந்த இடாப்பு முந்தின வருடமே மூடப்பட்டுவிட்டது. பெயர் இல்லை என்று சொன்னபோது அவர் நோட்டீசைத் திருப்பித் தரவில்லை. நாலாக மடித்துச் சாரத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. இடாப்பு வருடாவருடம் திருத்தப்படுகிறது. கிராம உத்தியோகத்தர் (ஜீ.எஸ்.) ஊடாக விபரம் எடுப்பார்கள். அதன் பிறகு இரண்டு பட்டியல் காட்சிக்கு வைப்பார்கள். வெட்டப்போகிற பெயர்கள் ஏ பட்டியல், புதிதாகச் சேர்க்கிற பெயர்கள் பீ பட்டியல். தவறு இருந்தால் அந்த நாட்களுக்குள் சொல்லலாம். அந்த நாட்களில் நாங்கள் எங்கே இருந்தோம்? ஒரு கட்சிக்காரரும் ஜீ.எஸ். கந்தோர்ப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. தேர்தல் அறிவித்த பிறகு நோட்டீசோடு ஓடித்திரிவதைத்தான் கட்சி வேலை என்று நினைத்திருந்தேன். அந்தப் பெரியப்பாவின் வாக்கு போனது அந்த அமைதியான மாதங்களில்.

மே 6 காலை ஏழு மணியில் இருந்து நாலு மணி வரை வாக்கெடுப்பு முகவராகப் பள்ளிக்கூட வகுப்பறையில் இருந்தேன். தொடங்கு முன் வெறும் பெட்டியைத் திறந்து எல்லா முகவர்களுக்கும் காட்டிவிட்டு மூடி முத்திரை வைத்தார்கள். உள்ளே வருபவரின் இலக்கத்தையும் பெயரையும் அலுவலர் உரத்து வாசிப்பார், நாங்கள் எங்கள் இடாப்பில் கோடு இழுப்போம். பச்சைப் பெயர் ஒன்று கூப்பிட்டால், வேறு யாரும் அந்தப் பேரில் வந்திருக்கிறார்களா என்று நிமிர்ந்து ஆளைப் பார்க்க வேண்டும், அதற்குத்தான் அந்தப் பச்சை. பதினொரு மணிபோல ஒரு பச்சைப் பெயர் வந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. நிமிர்ந்தால் கட்டார் தம்பி! லீவில் முந்தின நாள்தான் வந்து இறங்கினானாம். மறுகட்சி முகவரும் அவனைப் பார்த்துச் சிரித்தார், அவர்கள் ஒன்றாகப் படித்தவர்கள்.

எங்கள் வாக்குகளை அந்தப் பள்ளிக்கூடத்திலேயே எண்ணினார்கள். வட்டாரத்தில் அக்கா தோற்றார், முப்பத்தொரு வாக்கால். அழவில்லை. பிஸ்கட் டின்னைக் கேட்டு வாங்கி, அடுத்த நாளே கணக்கைச் சரிபார்க்க உட்கார்ந்தார்.

அடுத்த திருத்தம் வந்தபோது நானும் அக்காவும் மூன்று ஞாயிற்றுக்கிழமை வாடி வாடியாகப் போனோம். நோட்டீசும் இல்லை, சின்னமும் இல்லை. "எந்தக் கட்சிக்குப் போட்டாலும் சரி, பேர் இருக்க வேணும்" என்றுதான் சொன்னோம். பழைய நோட்டீசின் பின்பக்கத்தில் பதினான்கு பெயர் எழுதினேன். பெரியப்பாவின் மருமகனோடு ஜீ.எஸ். கந்தோருக்கு நானே போனேன்.

பீ பட்டியல் ஒட்டியதும் ஒன்பது பேரின் பெயர் இருந்தது, பெரியப்பாவுடையதும் சேர்த்து. மிச்சம் ஐந்து பேருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதில் இருவருக்கு அடையாள அட்டை தொலைந்துபோய்விட்டது. செவ்வாய்க்கிழமை கடையில் லீவு சொல்லியிருக்கிறேன், அவர்களைப் படம் எடுக்கக் கூட்டிப் போக வேண்டும்.