சுவிசில் சாமான் வாங்குவது: மிக்ரோ, கோப், தமிழ்க்கடை

ஊரிலிருந்து கலியாணம் செய்து சுவிசுக்கு வரும் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அக்கா, எந்தக் கடை மலிவு?" ஒரே கடையின் பெயரைச் சொல்லி இதற்குப் பதில் தர முடியாது. இங்கே ஒரு தமிழ் வீட்டுக்கு வேண்டிய சாமான் முழுவதையும் ஒரே கடையில் வாங்கினால், ஒன்றில் காசு அதிகம் போகும், அல்லது சாப்பாடு நம்முடைய சாப்பாடாக இருக்காது. எதை எங்கே வாங்குவது என்று பிரித்துக்கொள்ளத் தெரிந்தால் போதும்.

நாங்கள் இருப்பது வின்டர்தூரில். சூரிச்சிலிருந்து ரயிலில் அரை மணிநேரம்கூட இல்லை. வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இந்நாட்டின் பெரிய கடைச் சங்கிலிகளான மிக்ரோவும் (Migros) கோப்பும் (Coop) இருக்கின்றன. மலிவுக் கடைகளான அல்டிக்கும் லிடிலுக்கும் கொஞ்சம் தள்ளிப் போக வேண்டும். தமிழ்க்கடைக்கு பஸ். என் கணவர் உணவகச் சமையலறையில் வேலை செய்கிறார். அவருக்கு லீவு திங்கட்கிழமை மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை கடைகள் எல்லாம் பூட்டு, பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகளைத் தவிர. அதனால் கிழமைச் சாமான் வாங்குவது பெரும்பாலும் என் பொறுப்பு.

முதலில் மரக்கறி. வரும்போது எனக்கிருந்த பெரிய கவலை இதுதான். ஆனால் இங்கே கடைக்குள் நுழைந்தால் கரட், லீக்ஸ், கோவா, பீற்றூட், போஞ்சி, உருளைக்கிழங்கு எல்லாம் அடுக்கியிருக்கும். யாழ்ப்பாணச் சந்தைக்கு நுவரெலியாவிலிருந்து லொறியில் வந்திறங்கும் அதே மரக்கறிகள். குளிர்நாட்டு மரக்கறி நமக்குப் புதிதல்ல. லீக்ஸை மெல்லிசாக அரிந்து, மிளகாய்த்தூளும் கொஞ்சம் தேங்காய்ப்பாலும் விட்டு வதக்கினால் சோற்றுக்கு வேறு கறி தேவையில்லை. பருப்பும் அப்படித்தான். நாம் மைசூர்ப் பருப்பு என்று சொல்வது இங்கே சிவப்புப் பருப்பு என்ற பெயரில் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. கடலை, ரவை, கோதுமை மா, சீனி எதற்கும் சிறப்புக் கடை தேடிப் போக வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட அடிப்படைச் சாமானுக்கு மிக்ரோவில் எம்-பட்ஜெட் என்று பச்சைப் பொதியில் ஒரு வரிசை இருக்கிறது. 1996இல் தொடங்கியது. கோப்பில் அதே மாதிரி பிரி கரான்டி. மாவும் சீனியும் பருப்பும் இந்த வரிசையில் எடுத்தால், அல்டி லிடில் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். பச்சைப் பொதியை வண்டிலில் வைத்துக்கொண்டு போனால் தெரிந்த சனம் பார்க்குமே என்று கூச்சப்படுபவர்களைக் கண்டிருக்கிறேன். கூச்சப்பட ஒன்றுமில்லை. இந்த நாட்டுப் பல்கலைக்கழகப் பிள்ளைகளும் சம்பளக்காரரும் அதைத்தான் எடுக்கிறார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு இன்னொரு விசயம். மிக்ரோவிலும் கோப்பிலும் பழமும் மரக்கறியும் நாமே நிறுக்க வேண்டும். விலைப் பலகையில் ஒரு இலக்கம் இருக்கும். தராசில் அந்த இலக்கத்தை அழுத்தினால் விலைத் துண்டு வரும், அதைப் பையில் ஒட்ட வேண்டும். அல்டியிலும் லிடிலிலும் காசு கட்டும் இடத்தில் அவர்களே நிறுப்பார்கள். பின்னேரம் கடை பூட்டுவதற்கு முன் போனால் இறைச்சி, பாண், தயிர் போன்றவற்றில் 25 வீதம், 50 வீதம் விலைக் குறைப்புத் துண்டு ஒட்டியிருப்பார்கள். அன்றே சமைக்கவோ உறைய வைக்கவோ தயார் என்றால் கோழிக்கும் மீனுக்கும் இதைவிட நல்ல நேரம் இல்லை. கிழமைக்குக் கிழமை மாறும் அக்சியோனையும் (மலிவு விற்பனை) பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய், சவர்க்காரத்தூள், அரிசி எல்லாம் அக்சியோனில் வரும்போது வாங்கி வைத்தால் வருடக் கணக்கில் நல்ல மிச்சம்.

மிக்ரோவுக்கும் கோப்புக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. கோப்பில் பிரபல கம்பனிகளின் பொருட்கள் கூட இருக்கும்; நாத்தூராபிளான் என்ற இயற்கை விவசாயப் பொருட்களை 1993இலிருந்தே விற்கிறார்கள். மீனுக்கு நான் அங்கேதான் போகிறேன். அல்டி 2005இலும் லிடில் 2009இலும் ஜேர்மனியிலிருந்து வந்தன. அவை வந்த பிறகு மற்றவர்களும் விலையைக் கவனிக்க வேண்டி வந்தது. 2024இல் மிக்ரோ ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருட்களின் விலையை மலிவுக் கடைகளின் அளவுக்குக் குறைப்பதாக அறிவித்தது. இரண்டு சின்னப் பிள்ளைகளும் ஒரு சம்பளமும் உள்ள வீடு என்றால் அல்டியிலும் லிடிலிலும் தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

ஆனாலும் என் மனசுக்கு நெருக்கமான கடை மிக்ரோ. அதற்கு விலை காரணமில்லை.

நான் டொச் (ஜேர்மன் மொழி) படித்தது மிக்ரோ கிளப்சூலேயில். ஒரு சாப்பாட்டுக்கடைச் சங்கிலி பெரியவர்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிறது என்றால் ஊரில் நம்ப மாட்டார்கள். 1944இல் மொழி வகுப்புகளாக ஆரம்பித்து இன்றுவரை நடத்துகிறார்கள். வகுப்பில் வாசிக்கத் தந்த ஒரு பாடம் மிக்ரோவைத் தொடங்கிய கொட்லிப் டுட்வைலரைப் பற்றியது. 1925 ஆகஸ்ட் 25ஆம் திகதி சூரிச்சில் ஐந்து ஃபோர்ட் லொறிகளில் ஆறே ஆறு சாமானை ஏற்றி, தெருத் தெருவாக நிறுத்தி விற்றவர் அவர். கோப்பி, அரிசி, சீனி, பாஸ்தா, தேங்காய்க் கொழுப்பு, சவர்க்காரம். பாஸ்தாவைத் தவிர மற்றவை எல்லாம் அம்மா என்னைச் சங்கக்கடைக்கு அனுப்பும்போது சொல்லிவிட்ட சாமான்கள்தான். இடைத் தரகர் இல்லாததால் அவர் விலை குறைவாக இருந்தது. மற்ற வியாபாரிகள் எதிர்த்தார்கள். பொருள் தயாரிப்பவர்கள் சரக்குக் கொடுக்க மறுத்தார்கள். அதனால்தான் மிக்ரோ சொந்தத் தொழிற்சாலைகளைத் தொடங்கியது. இன்றைக்கும் மிக்ரோ அலுமாரிகளில் அவர்களுடைய சொந்தப் பெயர்ப் பொருட்களே அதிகம். 1933இல் புதிய கிளைகள் திறக்கக் கூடாது என்று அரசாங்கமே தடை போட்டது. 1945 வரை அது இருந்தது. அந்தத் தடை இருந்த காலத்திலேயே, 1941இல், டுட்வைலர் தன் கம்பனியைக் கூட்டுறவாக மாற்றி வாடிக்கையாளரிடம் கொடுத்தார்.

கூட்டுறவு என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. நம்முடைய பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் மாதிரி. யுத்த காலத்தில் பங்கீட்டு அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நிவாரணத்துக்கு வரிசையில் நின்ற சனத்துக்குச் சங்கக்கடை என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. மாவும் சீனியும் பருப்பும் அங்கேதான் வந்தன. கோப்பும் கூட்டுறவுதான். சுவிசின் மிகப் பெரிய இரண்டு கடைச் சங்கிலிகளும் பங்குச்சந்தை முதலாளிகளுடையவை இல்லை என்பது எனக்குப் பெரிய மதிப்பைத் தந்தது.

மிக்ரோவில் அங்கத்தவராகக் காசு கட்டத் தேவையில்லை. அந்தப் பகுதியில் வசித்தால் விண்ணப்பிக்கலாம். சுவிஸ் கடவுச்சீட்டும் தேவையில்லை. நான் சேர்ந்துகொண்டேன். 2022இல் ஒரு வாக்குச்சீட்டு தபாலில் வந்தது. மிக்ரோ கடைகளில் மதுபானம் விற்கலாமா என்று கேட்டிருந்தார்கள். 1928இலிருந்து மிக்ரோ மதுபானமும் புகையிலையும் விற்பதில்லை. விற்பதென்றால் வாக்களித்த அங்கத்தவரில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும்.

சுவிசில் நான் போட்ட முதல் வாக்கு அது. இந்த நாட்டுத் தேர்தல் எதிலும் எனக்கு வாக்கில்லை. வரி கட்டுகிறோம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறோம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பக்கத்து வீட்டுக்காரர் சர்வசன வாக்கெடுப்புக் கடிதத்தைத் தபால்பெட்டியில் போடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அப்படியிருக்க, நான் பால் வாங்கும் கடை என்னிடம் கருத்துக் கேட்டது. சமையலறை மேசையில் இருந்து, வேண்டாம் என்று எழுதினேன். மாமியும் வேண்டாம் என்றுதான் போட்டா. குடியால் உடைந்த வீடுகளை எங்கள் சனத்துக்குள் நாங்கள் இருவரும் கண்டிருக்கிறோம். நள்ளிரவு வரை கோப்பை கழுவி, குளிரில் தனியே வீடு திரும்பிய அந்த முதல் தலைமுறை ஆண்களில் எத்தனை பேர் அந்தக் கவலைக்குப் போத்தலைத் தேடினார்கள்! பாணும் பாலும் வாங்கப் போகும் இடத்தில் அது கண்ணில் படாமல் இருப்பது நல்லது. மிக்ரோவின் பத்துப் பிராந்தியக் கூட்டுறவுகளும், எங்கள் கிழக்குச் சுவிஸ் உட்பட, வேண்டாம் என்றே முடிவு சொல்லின. முடிவு வந்த அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோசம். மிக்ரோவுக்குச் சொந்தமான டென்னரில் மதுபானம் விற்கிறார்களே என்று கணவர் சொன்னார். அது சரிதான். ஆனால் டென்னரைப் பற்றி எங்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னோம்.

அடுத்தது ஜேர்மனி. வின்டர்தூரிலிருந்து கொன்ஸ்தான்சுக்கு நேர் ரயில் இருக்கிறது, ஏறக்குறைய ஒரு மணிநேரம். எல்லையைத் தாண்டினால் இறைச்சியும் பாற்கட்டியும் சவர்க்காரமும் பிள்ளைகளின் நாப்கினும் மிக மலிவு. சுவிசில் இறைச்சி விலை கூட இருப்பதற்கு வரியும் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடும் காரணம்; இந்நாட்டு விவசாயியைக் காப்பாற்ற வைத்திருக்கிறார்கள். அதனால் எல்லையில் சட்டமும் இறுக்கம். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ இறைச்சிதான் வரியில்லாமல் கொண்டுவரலாம். மொத்தப் பெறுமதி முன்பு ஆளுக்கு 300 பிராங்; 2025 ஜனவரி 1இலிருந்து 150 பிராங். அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டுமில்லை, முழுத் தொகைக்கும் சுவிஸ் வரி கட்ட வேண்டும். ஜேர்மன் கடையில் 50 யூரோவுக்கு மேல் வாங்கினால் ஏற்றுமதிச் சீட்டு கேட்டு வாங்கி, எல்லையில் முத்திரை குத்தி, அந்த நாட்டு வரியைத் திரும்பப் பெறலாம். முத்திரைக்குச் சனிக்கிழமைகளில் நீண்ட வரிசை நிற்கும்.

பூப்புனித நீராட்டு விழா, பிறந்தநாள் என்று நிறையப் பேருக்குச் சமைக்கும்போது உறவுகள் சேர்ந்து போய் வாங்கி வருவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கிழமைக்குக் கிழமை போவதை நான் விரும்புவதில்லை. ரயில் காசு, ஒரு முழு நாள், தேவையில்லாமல் வண்டிலில் ஏறும் இனிப்புகள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் மிச்சம் நினைத்த அளவு இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. கணவரின் அக்கா மகள் இங்கே ஒரு பெரிய கடையில் மூன்று வருடத் தொழிற்பயிற்சி முடித்து, இப்போது மரக்கறிப் பகுதிக்குப் பொறுப்பாக இருக்கிறா. நாம் எல்லாரும் சம்பளத்தை இங்கே எடுத்துக்கொண்டு செலவை அங்கே செய்தால், இவள் மாதிரிப் பிள்ளைகளுக்கு யார் சம்பளம் கொடுப்பது?

தமிழ்க்கடையை நான் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் கவலை. குத்தரிசி, அரிசிமா, ஒடியல் மா, கருவாடு, நெத்தலி, நல்லெண்ணெய், உறைய வைத்த தேங்காய்ப்பூ, வறுத்துத் திரித்த யாழ்ப்பாணத் தூள். இவற்றுக்கு வேறு வழியில்லை. ஆனால் இப்போது பெரிய கடைகளிலும் தேங்காய்ப்பால், பாஸ்மதி, மாம்பழம், இஞ்சி, பச்சை மிளகாய் எல்லாம் வந்துவிட்டன. முன்பு இவற்றில் வந்த வருமானம் தமிழ்க்கடைக்குக் குறைந்துவிட்டது. இங்கே பிறந்த பிள்ளைகள் கிழமைக்கு இரண்டு நாள்தான் சோறு சாப்பிடுகிறார்கள். இலங்கையிலிருந்து விமானத்தில் வரும் மரக்கறியோ விலை கூட. விற்காமல் வாடினால் நட்டம் கடைக்காரருக்குத்தான்.

விலை கூட என்று பேசிக்கொண்டு, தேங்காய்ப்பாலைப் பெரிய கடையில் வாங்கி, முருங்கைக்காய்க்கு மட்டும் தமிழ்க்கடைக்குப் போனால் அந்தக் கடை எத்தனை நாளைக்குத் தாங்கும்? மரண அறிவித்தல் ஒட்டும் இடம் அது. கோயில் திருவிழாத் துண்டும் தமிழ்ப் பள்ளிக்கூட அறிவித்தலும் அங்கேதான் கிடைக்கும். வீடு வாடகைக்குத் தேடுகிறவர் முதலில் விசாரிப்பதும் அங்கேதான். கணவரின் சித்தப்பா எண்பதுகளில் வந்தபோது, டொச் தெரியாத அவருக்குக் கடிதம் வாசித்துச் சொன்னது ஒரு தமிழ்க்கடைக்காரர். அதனால் எங்கள் வீட்டில் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம்: அரிசி, தூள், தேங்காய்ப்பால், மசாலாச் சாமான், இவை அக்சியோனில் எங்கே வந்தாலும் தமிழ்க்கடையில்தான்.

எங்கள் பக்கத்தில் மரக்கறி வெள்ளிக்கிழமை வந்திறங்கும். பின்னேரம் நாலு மணிக்குப் போனால் கடைக்கார அண்ணை பெட்டியை உடைத்துக்கொண்டிருப்பார். "தங்கச்சி, பயிற்றங்காய் இந்தமுறை நல்லா இருக்கு, முருங்கைக்காய் முத்தல், எடுக்காதேங்கோ" என்று அவரே சொல்லிவிடுவார். சனிக்கிழமை போனால் நல்லது முடிந்துவிடும். வல்லாரை வாங்கினால் அன்றிரவே சம்பல் போட்டுவிடுங்கள். அடுத்த நாளே இலை மஞ்சளாகத் தொடங்கிவிடும்.