27 டாலர் தாத்தா

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிங்கப்பூர்த் தேக்காவில் மாமாவோடு தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது வழக்கம்போல அமெரிக்க அரசியல் வந்தது. மாமா டாக்ஸி ஓட்டுகிறவர், ரேடியோ செய்தியிலேயே ஊறியவர். "ரெண்டு வாட்டி தோத்த மனுஷனப் பத்தி இன்னும் என்னடா பேசிக்கிட்டிருக்க?" என்றார்.

அமெரிக்க செனட்டர் பெர்னி சாண்டர்ஸைத்தான் சொல்கிறார். தோற்றவர்தான், மறுக்கவில்லை. 2016-ல் ஹிலரி கிளிண்டனிடம், 2020-ல் ஜோ பைடனிடம், இரண்டு தடவையும் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியோடு நின்றுபோனார். ஆனால் கூட்டம் ஏன் அவர் பின்னால் போனது?

இலவசப் படிப்பு, இலவச வைத்தியம், அதுதான் காரணம் என்பது மாமாவின் வாதம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2020-ல் அவரோடு போட்டியிட்ட எலிசபெத் வாரனும் ஏறக்குறைய அதையே இன்னும் விவரமாக எழுதி வைத்திருந்தாரே. சாண்டர்ஸ் 1981-ல் வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகர மேயரானார், வெறும் 10 ஓட்டு வித்தியாசத்தில். அன்றிலிருந்து கலைந்த தலையும் கசங்கிய கோட்டுமாக அதே பேச்சு: பணக்காரன் வரி கட்டணும், உழைக்கிறவனுக்கு வைத்தியம் வேணும். சொல்லப்போனால் கேட்கச் சலிப்பாகத்தான் இருக்கும். இந்த ஆள் நாளைக்கு மாற மாட்டான் என்ற நம்பிக்கை அந்தச் சலிப்பிலிருந்துதான் வருகிறது.

அப்புறம் காசு. 2016-ல் அவருக்கு வந்த நன்கொடை சராசரியாக 27 டாலர் என்பார்கள். மேடையில் அவர் 'எவ்வளவு?' என்று கேட்டால் கூட்டமே '27' என்று கத்தும். நம்ம ஊர் மொய் மாதிரி இது. மொய் எழுதினவன் பந்தியில் உட்காராமல் போவானா?

நான் அடிக்கடி நினைப்பது 2020-ல் நெவாடா மாநிலத்தில் நடந்த வேட்பாளர் தேர்வைத்தான். லாஸ் வேகஸ் ஓட்டல் தொழிலாளர்களிடம் அவர்களுடைய தொழிற்சங்கமே, எல்லோருக்கும் அரசுக் காப்பீடு என்ற சாண்டர்ஸ் திட்டம் வந்தால் நாம் போராடி வாங்கிய மருத்துவக் காப்பீடு போய்விடும் என்று எச்சரித்தது. இருந்தும் அந்த ஓட்டல்களுக்குள்ளேயே நடந்த வாக்கெடுப்பில் அறை துடைக்கிறவர்களும் சமையல்காரர்களும் நிறையப் பேர் அவர் பக்கம் போய் நின்றார்கள். தனக்குக் காப்பீடு இருக்கிறது, தம்பிக்கு இல்லையே என்ற யோசனையாக இருக்கலாம். இது என் ஊகம்தான்.

அடுத்த வாரமே தென் கரோலினாவில் கறுப்பின மக்கள், முக்கியமாக வயதானவர்கள், பைடனிடம் போய்விட்டார்கள். பல வருஷம் பழகின முகம், டிரம்பைத் தோற்கடிக்கக்கூடியவர் என்ற கணக்கு. மாமா அங்கே இருந்திருந்தால் அந்த வரிசையில்தான் நின்றிருப்பார்.

"நம்ம ஊர்ல மெடிசேவ் இருக்கு, உனக்கென்ன கவலை?" என்று பலதுறை மருந்தகச் சீட்டை எடுத்துக் காட்டினார். சம்பளத்தில் பிடித்து வைத்தியச் செலவுக்குச் சேர்க்கிற பணம்தான் மெடிசேவ். நம் அதிபர் கொள்கை வகுக்கிறவர் இல்லைதான், சலுகை எதுவும் தர முடியாது, ஆனாலும் 2023 அதிபர் தேர்தலில் தர்மனுக்கு 70.4 விழுக்காடு ஓட்டு விழுந்ததே, நீங்கள் எதைப் பார்த்துப் போட்டீர்கள் என்று மடக்கினேன். "அன்னாசிப் பழத்தப் பாத்து" என்றார், சிரிக்காமல். தர்மனின் தேர்தல் சின்னம் அதுதான்.

கடைசி அஸ்திரமாக 2016 போர்ட்லாந்து கூட்டத்து வீடியோவைப் போட்டேன். பேச்சின் நடுவே ஒரு சின்னக் குருவி பறந்துவந்து அவர் முன்னால் மேசை விளிம்பில் உட்காருகிறது, தாத்தா பேச்சை நிறுத்திவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி சிரிக்கிறார், அரங்கமே எழுந்து ஆர்ப்பரிக்கிறது. மாமா அதை மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்தார்.

"இப்பவாவது ஓட்டுப் போடுவீங்களா மாமா?"

"குருவிக்கு வேணா போடுறேன்" என்று சொல்லிவிட்டு டாக்ஸி எடுக்கப் போய்விட்டார்.