லித்கோ .303: காலி ஷெல் பறக்கிறது, மேகசின் இன்னும் முரண்டு பிடிக்கிறது

50க்கு 50. சுட்ட காலி ஷெல் ஐம்பதும் வலப்பக்கம் வெளியே போய் விழுந்தன; ஒன்றுகூட மேகசினுக்குள் (ரவுண்ட் அடுக்கும் பெட்டி) ரவுண்டைத் தாங்கும் ஃபாலோவர் தட்டின் மேல் படுத்துக்கொள்ளவில்லை. போன டிசம்பரில் இதே ரைபிள் 20க்கு 9ஐ உள்ளேயே வைத்துக்கொண்டது. ஒரு சிறிய மடிப்பு ஸ்ப்ரிங்கைத் தவிர இதற்குப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. அந்த ஸ்ப்ரிங்குக்கு வருவதற்குள் செய்த தப்புகள்தான் எழுதத் தக்கவை.

ரைபிள் 1942இல் ஆஸ்திரேலியாவின் லித்கோ ஆலையில் செய்த லீ-என்ஃபீல்ட், நம்பர் 1 மார்க் 3 ஸ்டார். இருப்பது பெர்த்தில், மச்சானின் லைசென்ஸில். வேலை முழுக்க அங்கேதான், அவர் கண் முன்னால். சிங்கப்பூரில் உட்கார்ந்து நடப்பது அளவுக் குறிப்பும் வாட்ஸ்அப் வீடியோவும் மட்டும். உதிரிபாகம் எதையும் இங்கே உள்ள முகவரிக்கு வரவழைக்காதீர்கள். லைசென்ஸ் வைத்திருப்பவர் முகவரிக்கே நேராகப் போகட்டும். காலி ஷெல்லை நினைவுப்பொருளாகப் பையில் போட்டுச் சாங்கி விமான நிலையம் வரை கொண்டுவருவதும் வேண்டாத வேலை. ரேஞ்ச் முடிந்ததும் 'லைவ் ரவுண்ட், எம்ப்டி கேஸ், பைரோடெக்னிக் எதுவும் என்னிடம் இல்லை, சார்' என்று கத்தி வளர்ந்த ஊர் இது. யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

என்எஸ்ஸில் (தேசிய சேவையில்) எம்16, சார் 21 ரைபிள்கள் மட்டும் பிடித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே போல்ட் (ரவுண்டை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளை) முகத்திலேயே, ஷெல்லை வெளியே எறிய ஸ்ப்ரிங் வைத்த எஜெக்டர் இருக்கும். கேஸ் (ஷெல்) வாய் சேம்பரை (குழலின் பின்னறை) விட்டதும் உதைத்துத் தள்ளிவிடும். லீ-என்ஃபீல்டில் அது கிடையாது. பாடியின் (போல்ட் ஓடும் உலோகக் கூடு) இடது சுவரில் ஒரு சின்ன எஜெக்டர் ஸ்க்ரூ நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அதனால்தான் ஷெல் வெளியே வராவிட்டால் எல்லாரும் முதலில் அந்த ஸ்க்ரூவின் மேல் பாய்கிறார்கள். நாங்களும் பாய்ந்தோம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

எக்ஸ்ட்ராக்‌ஷன் (சேம்பரை விட்டு இழுப்பது) வேறு, வெளியே எறியும் எஜெக்‌ஷன் வேறு. கைப்பிடியைத் தூக்கும்போதே இறுக்கம், உள்ளங்கையால் தட்டித்தான் போல்ட் வருகிறது என்றால் அது சேம்பர் சமாச்சாரம்: அழுக்கு, துரு, பழைய பித்தளை. .45 பித்தளை பிரஷ்ஷைக் குட்டைக் கம்பியில் மாட்டிச் சேம்பரைச் சுழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். எங்களுக்குப் போல்ட் வெண்ணெய் மாதிரி வந்தது. ஷெல் பின்னால் முழுதாக வந்து, கடைசி நொடியில், அதன் அடி விளிம்பை (ரிம்) பிடிக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியை விட்டு நழுவி விழுந்தது. ஆக, சேம்பரைச் சந்தேகிக்க இடமில்லை.

ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்ததில் முனை கொஞ்சம் மழுங்கியிருந்தது. புதுசு போட்டோம். 20க்கு 11 வெளியே. முன்பும் அதே 11தான். வாங்கிய ஸ்க்ரூவுக்கு ஆன செலவைவிட அதன் காடியில் சரியாக உட்காரும் மெல்லிய டிரைவரைத் தேடி ஜாலான் புசார் ஹார்டுவேர் கடைகளில் ஏறி இறங்கிய நேரம் அதிகம். கடையில் கிடைக்கும் சாதாரண டிரைவரின் முனை ஆப்பு மாதிரி சரிந்திருக்கும். காடியின் மேல்விளிம்பை மட்டும் பிடித்து வழுக்கி, பாடியில் கோடு கிழித்துவிடும். முனை இரு பக்கமும் இணையாக இருக்கும்படி அரத்தில் தேய்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: 'நீளமான ஸ்க்ரூ போட்டால் தீர்ந்தது' என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். நீளம் கூடினால் போல்ட் ஹெட்டில் உரசிப் பள்ளம் பறிக்கும்.

அடுத்து செய்த சோதனைதான் கண்ணைத் திறந்தது. போல்ட் ஹெட்டைத் தனியே திருகிக் கழற்றி, ஒரு காலி ஷெல்லின் ரிம்மை எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியில் நுழைத்துப் பிடிக்க வேண்டும். கொக்கியை அழுத்தும் மடிப்பு ஸ்ப்ரிங் நல்லது என்றால் ஷெல் முகத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். வாயைக் கீழே சாய்த்து ஆட்டினாலும் விழாது, விரலால் இழுத்தால் எதிர்ப்புத் தெரியும். எங்களுடையது கொஞ்சம் சாய்த்ததும் 'டிங்' என்று மேசையில் விழுந்தது. 5 கிலோ வில்தராசில் நூல் கட்டிக் கொக்கியைத் தூக்கிப் பார்த்தோம். 1.2 கிலோவிலேயே கிளம்பிவிட்டது. புது ஸ்ப்ரிங் போட்டபின் அதே நூல், அதே கோணம், கிட்டத்தட்ட 3 கிலோ. இந்த எண்கள் ஒன்றோடொன்று ஒப்பிட மட்டுமே. நூல் கட்டும் இடம் ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் கணக்கு மாறும்.

காரணம் எளிது. கொக்கி வலப்பக்க ரிம்மைப் பிடித்து இழுக்கிறது. பாடியின் இடது சுவர் உள்பக்கமாகச் சரிந்து ஷெல்லின் இடப்பக்கத்தைத் தள்ளுகிறது. வாய் சேம்பரை விட்டதும் ஷெல் கொக்கியை அச்சாக வைத்து வலப்பக்கம் சுண்டுகிறது. கொக்கியின் பிடி தளர்ந்தால் அச்சே இல்லை. ஷெல் சும்மா நழுவும். சந்தேகம் தீர, புது ஸ்ப்ரிங்கோடு எஜெக்டர் ஸ்க்ரூவையே கழற்றிவிட்டு ஓட்டினோம். காலி ஷெல் 20க்கு 19 வெளியே! ஆனால் முழு நீள டம்மி ரவுண்ட் 20க்கு 7 உள்ளே மாட்டியது. சுடாத ரவுண்டை இறக்கும்போது ஸ்க்ரூ கட்டாயம் வேண்டும் என்பது இதில் தெரிந்தது. மறுபடி பூட்டியாயிற்று.

இப்போது ஸ்ப்ரிங் மாற்றும் வேலை. கையளவு இல்லாத பாகம், கடுகளவு கோபத்தையும் மலையாக்கும். போல்ட் ஹெட்டின் பக்கவாட்டில் உள்ள எக்ஸ்ட்ராக்டர் ஸ்க்ரூவுக்கு முந்தின இரவே ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு வையுங்கள். எண்பது வருஷக் கரி அதில் சிமென்டாகியிருக்கும். வைஸில் நேரடியாகக் கடிக்க விடாமல் இரு பக்கமும் தடித்த தோல் வையுங்கள். ஸ்க்ரூ வந்ததும் கொக்கியையும் ஸ்ப்ரிங்கையும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பைக்குள் வைத்தே எடுங்கள். பறந்தால் எங்கே போனது என்றாவது தெரியும்.

உள்ளே காடியை ஊசியால் சுரண்டினால் கறுப்புத் தார் மாதிரி ஒன்று வரும். ஸ்ப்ரிங்கே தளராமல், இந்தக் கரி மட்டும் கொக்கியை முழுதாக மூடவிடாமல் தடுக்கிற ரைபிள்களும் உண்டு. ஆகவே முதலில் சுத்தம், பிறகு டிங் சோதனை, அப்புறம்தான் பர்ஸ். கொக்கியின் உள்விளிம்பை லென்ஸில் பாருங்கள். உடைந்திருந்தால் மாற்றுங்கள், அரம் போடாதீர்கள். பழைய ஸ்ப்ரிங்கின் மடிப்பைக் குளிர்ந்த நிலையில் விரித்துவிட்டு மறுபடி போட்டதில் இரண்டே நாள் நன்றாக வேலை செய்தது. மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. இன்னும் விரித்தால் மடிப்பிலேயே ஒடியும்.

உதிரிபாகக் கடை விஷயம் ஒரு புலம்பல். 'புதிது, பயன்படுத்தாதது' என்று வாங்கிய முதல் ஸ்ப்ரிங் போர்க்காலச் சரக்கு அல்ல. யாரோ தகட்டை வெட்டி மடித்தது. மடிப்பின் இரு கைகளும் ஒரே நீளம், உள்ளே ஆடியது. இரண்டாவது கடைக்காரர் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி மூன்று அனுப்பினார். மூன்றும் ஒரே வார்ப்பாய் உட்கார்ந்தன. எப்போதும் மூன்றாக வாங்குங்கள். தபால் செலவு ஒன்றுக்கும் மூன்றுக்கும் அதேதான். கொக்கி சரியில்லை என்று போல்ட் ஹெட்டையே மாற்றும் சபலம் வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். பிற்கால நம்பர் 4 லீ-என்ஃபீல்டுக்கு 0 முதல் 3 வரை எண் போட்ட ஹெட்கள் உண்டு. நம்பர் 1க்கு அந்த வசதி கிடையாது. மாற்றினால் ஹெட்ஸ்பேஸை (மூடிய போல்ட் முகத்துக்கும் ரிம் உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) .064, .074 அங்குலக் கேஜ் போட்டுப் பார்க்காமல் சுடக் கூடாது.

இனி தலைவலியின் மறுபாதி, மேகசினிலிருந்து ரவுண்ட் சேம்பருக்குள் ஏறும் ஃபீடிங். சோதனை முழுவதும் டம்மி ரவுண்டில்தான்: மருந்து இல்லை, செத்த பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் மூடி), கேஸ் பக்கத்தில் துளை. பிளாஸ்டிக் ஸ்னாப் கேப்பை (கடையில் விற்கும் பயிற்சி டம்மி) இதற்கு நம்பாதீர்கள். எடை குறைவு, ரிம் விளிம்பும் உருண்டை. மேகசின் தப்பா டம்மி தப்பா என்று தெரியாமலே பொழுது போய்விடும். எங்கள் டம்மிகள் 174 கிரெய்ன் எடைத் தோட்டா வைத்து, மொத்த நீளம் 78 மில்லிமீட்டருக்குள். நீளம் குட்டையாகப் போனால் முனை சேம்பர் வாயின் அடியில் முட்டும்.

கோளாறு இரண்டு வகை. ஒன்று, போல்ட் ரவுண்டின் மேலேயே வழுக்கிப் போய் காலிச் சேம்பரில் மூடிக்கொள்வது. இதைக் கண்டதும் இடுக்கியால் ஃபீட் லிப்பை (மேகசின் வாயில் ரவுண்டைப் பிடிக்கும் மடிந்த விளிம்பு) நெளிப்பவர்கள் கையில் அந்த மேகசின் குரங்கு கைப் பூமாலைதான். லிப்பைத் தொடுமுன் செய்ய வேண்டியது காசில்லாத சோதனை: இடக்கையால் மேகசினை மேல்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு போல்டை ஓட்டுங்கள். எங்களுக்குக் கை வைக்காமல் 10க்கு 6. கை வைத்தால் 10க்கு 10. லிப் சரி, மேகசின் உட்காரும் உயரம்தான் தாழ்வு. காலிப்பரின் ஆழக் கம்பியைச் சார்ஜர் பாலத்திலிருந்து (ஐந்து ரவுண்ட் பிடிக்கும் சார்ஜர் கிளிப்பைச் செருகும் இடம்) பின் லிப் வரை இறக்கிப் பார்த்ததில் இரண்டு நிலைக்கும் 0.8 மில்லிமீட்டர் வித்தியாசம். 1.6 மில்லிமீட்டர் தடிப்புள்ள ரிம்மைப் பிடிக்கிற விளையாட்டில் 0.8 என்பது பெரிய தொகை.

அந்த 0.8 மூன்று இடத்தில் ஒளிந்திருந்தது. மேகசினைப் பிடித்து நிறுத்தும் கேட்சின் பல் தேய்ந்து உருண்டிருந்தது. டிரிகர் கார்டின் முன் ஸ்க்ரூவைச் சுற்றியுள்ள மரம் நசுங்கி, மேகசின் கார்டின் திறப்பில் உரசி ஏறாமல் நின்றது. பெர்த் வெயிலில் மரம் சுருங்கும். நம்மூர் ஈரத்துக்கு நேர் எதிர். அந்த ஸ்க்ரூவுக்கு உள்ளே ஒரு காலர் இருக்க வேண்டும். முன்பு கழற்றிய யாரோ அதைத் தொலைத்துவிட்டு இறுக்கியே சமாளித்திருக்கிறார்கள். மூன்றாவது, மேகசினின் பின்பக்கத் தாங்கலும் சற்றே தேய்ந்திருந்தது.

கேட்ச் மாற்றும்போது கவனம்: சியர் (டிரிகர் இழுக்கும்வரை காக்கிங் பீஸைப் பிடித்து நிறுத்தும் பாகம்) ஸ்ப்ரிங்கும் மேகசின் கேட்ச் ஸ்ப்ரிங்கும் ஒன்றேதான், வி வடிவத்தில் இரண்டுக்கும் இடையில் உட்காரும். கேட்ச் தொளதொளவென்று இருந்தால் டிரிகரும் அந்தத் தளர்வைக் காட்டும். பூட்டி முடித்ததும் டிரிகரின் இரண்டு கட்ட இழுப்பு, சேஃப்டி இரண்டையும் பாருங்கள். காலித் துப்பாக்கியைக் காக் செய்து (சுடத் தயாராக்கி), அதன் பின்கட்டையை ரப்பர் பாயில் தட்டியும் பார்க்க வேண்டும்; காக்கிங் பீஸ் (போல்ட்டின் பின்னால் இழுபட்டு நிற்கும் துண்டு) விழுந்தால் ரேஞ்சுக்குப் போகவே கூடாது. புதுக் கேட்ச் 0.5 தந்தது. காலர் போட்டபின் உரசல் போயிற்று. மிச்சம் 0.3ஐ அப்படியே விட்டுவிட்டோம். ஐந்து ரவுண்ட் நிரப்பினால் இப்போது தவறே இல்லை.

பத்து நிரப்பினால்தான் முரண்டு. இது இரண்டாம் வகை, ரிம் லாக்: ஒரு ரிம் இன்னொன்றில் மாட்டிக்கொள்வது. சார்ஜரில் ஓரத்து இரண்டும் நடுவும் கீழே, இடையில் உள்ள இரண்டும் மேலே என்றுதான் அடுக்குகிறோம். அப்படி அடுக்கினால் சார்ஜரை எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் ஒன்றே. முதல் சார்ஜர் சுகமாக இறங்குகிறது. இரண்டாவதும் இறங்குகிறது. ஆனால் மூன்று தடவைக்கு ஒரு தடவை, மேலிருந்து ஐந்தாவது ரவுண்ட் முன்னே போக மறுக்கிறது. அதாவது இரண்டாம் சார்ஜரின் அடி ரவுண்ட். அதன் ரிம், முதல் சார்ஜரின் உச்சி ரவுண்டின் ரிம்முக்கு முன்னால் உட்கார வேண்டியது. பின்னால் போய் மாட்டிக்கொள்கிறது. கையால் ஒவ்வொன்றாக நிரப்பினால் வருவதில்லை, ஏனென்றால் கட்டைவிரல் தானாகவே ரிம்மை முன்னே தள்ளிவிடுகிறது.

நல்ல மேகசின் எப்படி அடுக்கினாலும் தானே சரிசெய்துகொள்ளும் என்று பழைய கைகள் சொல்வதுண்டு. அந்த ரகம் இதுவல்ல. ஃபாலோவரை எடுத்துப் பார்த்தோம் (பின்பக்கத்தை அழுத்தினால் முன்பக்கம் லிப்பை விட்டு எழும், அப்படியே வெளியே). ஸ்ப்ரிங்கின் கீழ் மடிப்பில் துரு, உள்சுவரில் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பான உரசல் தடம். ஃபாலோவர் சாய்ந்து ஏறுகிறது என்று அர்த்தம். மார்க்கர் மையைச் சுவரில் பூசி இருபது முறை ஏற்றி இறக்கியதில் மை அழிந்தது அதே வலப்பக்கத்தில்தான். 1200 எண் உப்புக் காகிதத்தால் சுவரைத் துடைத்தோம். மூன்றுக்கு ஒன்று, நான்குக்கு ஒன்றானது. போதாது.

ஜூன் பள்ளி விடுமுறையில் அடுத்த சுற்று: புது மேகசின் ஸ்ப்ரிங் ஒன்று, ஒப்பிட இரவல் மேகசின் ஒன்று. நம்பர் 4 மேகசின் அப்படியே பொருந்தாது, ஆகவே இரவல் தருபவர் எதைத் தருகிறார் என்று முதலில் படம் கேட்டிருக்கிறோம். இடையில் மச்சானுக்கு இந்தியாவின் இஷாப்பூர் 2ஏ1 ரைபிள் மேல் கண். 7.62, ரிம்லெஸ் (ரிம் வெளியே நீட்டாதது), 12 ரவுண்ட் மேகசின். ரிம் லாக் என்ற பேச்சே இல்லை என்கிறார். இதை முடிக்காமல் அதைத் தொடக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். அதுவரை இந்த லித்கோவுக்கு ஒரு சார்ஜர், ஐந்து ரவுண்ட்.