அம்மாவின் பங்கு

பண்ருட்டிப் பக்கம் தாத்தா வாங்கிய முந்திரித் தோப்பு. உயில் எதுவும் எழுதவில்லை. வருஷா வருஷம் மாமா ஒரு பலாப்பழமும் ஒரு பை முந்திரிக்கொட்டையும் அனுப்புவார், அம்மாவுக்கு அதுவே போதும். போன வாரம் வில்லங்கம் போட்டுப் பார்த்தால், மொத்தத் தோப்பையும் மாமா 2016-லேயே தன் மகன் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிவிட்டார். தாளைப் பிடித்த அம்மாவின் கை நடுங்கியது.

1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் சமபங்கு. ஒருவர் அனுபவிப்பதாலேயே இன்னொரு வாரிசின் உரிமை போய்விடாது. ஆனால் "உனக்குப் பங்கில்லை" என்று வெளிப்படையாக ஒதுக்கி 12 வருஷம் ஓடிவிட்டால் சிக்கல். பத்திரத் தேதியிலிருந்தே எண்ணணும் என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். அப்படிப் பார்த்தால் 2028 தான் கெடு.

"தம்பி மேல கேஸ் போடணுமாடா?" என்றார் அம்மா.

போட்டுத்தான் ஆகணும்மா என்றேன். திங்கட்கிழமை கடலூரில் வக்கீலைப் பார்க்கிறோம்.